கோவிலின் பின்கட்டில் பிறந்த இசைக்குழு

ஏதென்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது புனித பவுலடியார் அரயோபாகு மன்றத்தில் நின்று பேசிய கிரேக்க மாநகரமே. அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்ட இன்னோர் ஊர் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. அட்லாண்டா பெருநகரிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவு. 1785-இல் சாசனம் பெற்ற ஒரு பல்கலைக்கழகமும், பழைய பஞ்சாலைகளும்தான் அவ்வூரின் அடையாளங்கள். 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 42,000 பேர். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு தாலுகா தலைநகர் அளவுதான்.

அவ்வூரில் ஓக்கோனி தெருவில் ஒரு கோவில் இருந்தது. அது நம் கத்தோலிக்கக் கோவில் அல்ல. ஆங்கிலிக்கன் மரபில் வந்த எபிஸ்கோப்பல் சபையாரின் புனித மரியா கோவில். அருகிலிருந்த பஞ்சாலையின் தொழிலாளர்களுக்கென்று 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. காலம் மாறியது, வழிபாடு நின்றது, கட்டடம் கைமாறியது. 1980 வாக்கில் அதன் முன்பகுதியை அறைகளாகத் தடுத்து மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்கட்டில் வழிபாட்டுக் கூடம் மட்டும் பாழடைந்து கிடந்தது. பீடம் இருந்த இடத்தில் தூசி. ஒரு கோவிலுக்கு இப்படியொரு கதி நேர்வதைப் படிக்கும்போது நமக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது.

அந்த வாடகை அறைகளில் குடியிருந்தவர்களில் இருவர் இக்கட்டுரைக்கு உரியவர்கள். ஒருவர் பீட்டர் பக். வக்ஸ்ட்ரி என்னும் இசைத்தட்டுக் கடையில் விற்பனையாளர். மற்றவர் மைக்கேல் ஸ்டைப். பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் சிறுவயதில் ஊர் ஊராகச் சுற்றியவர். தாத்தா மெத்தடிஸ்ட் சபைப் போதகர். பக் தமக்கென்று ஒதுக்கி வைக்கும் இசைத்தட்டுகளையே ஸ்டைப்பும் தேடி வந்து வாங்குவாராம். அப்படித் தொடங்கியது நட்பு. இருவருக்குமே நியூயார்க் பாடகி பாட்டி ஸ்மித் என்றால் உயிர்.

மற்ற இருவரும் அதே மாநிலத்து மேக்கன் நகரத்துப் பள்ளித் தோழர்கள். மைக் மில்ஸ் பேஸ் கிட்டார் வாசிப்பவர், பில் பெரி டிரம் அடிப்பவர். தோழர்கள் என்றேனே, முதலில் அவர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது. ஒருநாள் இசைப் பயிற்சிக்கென்று போன இடத்தில் எதிர்பாராமல் நேருக்கு நேர் சந்தித்துவிட்டார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை, சேர்ந்து வாசித்தார்கள். அன்று தொடங்கிய ஒட்டுறவு இன்றுவரை அறுபடவில்லை. மேற்படிப்புக்காக ஏதென்ஸ் வந்த இவ்விருவரையும் பொதுவான தோழி ஒருவர் கோவில் வீட்டுக்காரர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். நால்வரில் மூத்தவர் பக். அவருக்கே 23 வயதுதான். இளையவர் ஸ்டைப்புக்கு 20.

அந்தத் தோழியின் பிறந்தநாள் விருந்து பாழடைந்த கூடத்திலேயே நடப்பதென்று முடிவாயிற்று. நாள் 1980, ஏப்ரல் 5. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு: அது பெரிய சனிக்கிழமை! உலகெங்கும் கோவில்களில் பாஸ்கா திரி ஏற்றி விழித்திருந்த அதே இரவில், கோவில் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருந்த அக்கூடத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கூடி ஆடினார்கள். பீர் பீப்பாய்கள் உருண்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. நால்வரும் பெரும்பாலும் பிறருடைய பாடல்களையே வாசித்தார்கள். அப்போது அவர்கள் குழுவுக்கு நிலையான ஒரு பெயர்கூட இல்லை. பின்னர் ஸ்டைப் அகராதியைப் புரட்டி 'ஆர்.இ.எம்.' என்ற மூன்றெழுத்தைத் தேர்ந்தெடுத்தார். உறக்கத்தில் கனவு காணும் வேளையில் விழிகள் இமைக்குள் விரைந்து அசைவதைக் குறிக்கும் மருத்துவச் சுருக்கம் அது.

விருந்துக்கு வந்தவர்கள் விடாமல் அழைக்கவே, அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் கிடைத்தன. நாளடைவில் நால்வரும் படிப்பை விட்டுவிட்டார்கள். பெற்றோர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இதை நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவ்வூரில் அவர்களுக்கு முன்னரே வழி போட்டவர்கள் உண்டு. 'பி-52ஸ்' என்ற குழு 1977-இல் ஒரு நண்பர் வீட்டு விருந்தில்தான் அரங்கேறியது. 'பைலன்' என்ற குழுவினர் அனைவரும் ஓவிய மாணவர்கள். பைலன் குழுவின் டிரம் கலைஞர் ஒரு மாடியறையில் ஒரேயொரு 40 வாட் விளக்கைத் தொங்கவிட்டு நிகழ்ச்சி நடத்தியதால் அந்த இடத்துக்கு '40 வாட் கிளப்' என்றே பெயர் நிலைத்தது. வேறு வேறு கட்டடங்களுக்கு மாறினாலும் பெயர் மாறவில்லை. பி-52ஸ் குழுவினர் புகழ் வந்ததும் நியூயார்க் போய்விட்டார்கள். ஆர்.இ.எம். குழு போகவில்லை. கடைசிவரை அவர்களுடைய அலுவலகம் ஏதென்ஸில்தான் இருந்தது.

'இண்டி' இசை என்று இன்றைய இளைஞர் சொல்வது இவர்களைப் போன்றவர்களின் இசையைத்தான். இந்தி என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய முதலாளிகளைச் சாராமல் சுதந்திரமாக இயங்குவது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. அக்காலத்தில் ஒரு பாடல் மக்கள் காதுக்கு எட்ட வேண்டுமானால் நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ உள்ள பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இண்டிக்காரர்கள் அதற்கு மாறாகச் சிறு நிறுவனங்கள் மூலம் சில நூறு, சில ஆயிரம் தட்டுகள் அடித்து, பல்கலைக்கழக வானொலி நிலையங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே அறிவிப்பாளராக இருப்பவரும் மாணவரே. அவருக்குப் பிடித்தால் போடுவார். இப்படி ஊருக்கு ஊர் ஒரு சிறு கூட்டம் சேரும்.

ஆர்.இ.எம். குழுவின் முதல் இசைத்தட்டு 1981-இல் ஹிப்-டோன் என்ற மிகச் சிறிய நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அடித்தவை 1,000 பிரதிகளே. அவற்றிலும் பெரும்பாதி பத்திரிகைகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் இலவசமாகப் போயின. அதைப் பதிவுசெய்த இடம் வட கரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலம். நம் சேலம் அல்ல. திருவிவிலியத்துச் சாலேம்தான் கடல் கடந்து அங்கேயும் ஊர்ப்பெயராயிற்று. பதிவுக்கூடம் என்பது ஒரு வீட்டின் கார் கொட்டகை. தம் பெற்றோர் வீட்டுக் கொட்டகையையே பதிவுக்கூடமாக்கியிருந்த அந்த இளைஞரின் பெயர் மிட்ச் ஈஸ்டர். பெரிய சனியன்று பிறந்த குழுவுக்கு ஈஸ்டர் என்ற பெயருடையவரே முதல் இசைத்தட்டைப் பதிந்து கொடுத்தது தற்செயல்தான் என்றாலும் சுவையான தற்செயல்.

ஒன்றரை ஆண்டுக் காலம் பழைய வேன் ஒன்றில் தென்மாநிலங்கள் முழுதும் அலைந்தார்கள். வேனை ஓட்டியவர் அவர்களுடைய மேலாளர் ஜெஃபர்சன் ஹோல்ட். ஆளுக்கு ஒருநாள் சாப்பாட்டுப் படி 2 டாலர். அத்தகைய குழுக்கள் வாசிப்பதற்கென்று அமைந்த அரங்குகளே அப்போது அங்கு கிடையாது. எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்குமோ அங்கே நிறுத்தி வாசித்தார்கள்.

1982-இல் ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனத்தின் வாய்ப்பை விட்டுவிட்டு, ஐ.ஆர்.எஸ். என்ற சிறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். நிறுவனம் முதலில் அனுப்பிய தயாரிப்பாளர் ஒரே பாட்டை அலுத்துப் போகுமளவு திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அது ஒத்துவரவில்லை. பழைய மிட்ச் ஈஸ்டரையும் அவர் நண்பர் டான் டிக்ஸனையும் கேட்டுப் பெற்றார்கள். 1983 ஏப்ரலில் 'மர்மர்' என்ற முழு இசைத்தட்டு வெளிவந்தது. முணுமுணுப்பு என்பது அதன் பொருள். தமிழ்க் காதுக்கு மர்மம் என்று கேட்டாலும் பொருந்தாமல் போகாது. ஏனெனில் ஸ்டைப் பாடுவதில் பாதிச் சொற்கள் விளங்குவதே இல்லை! கூச்சம் மிகுந்த அவர் பதிவுக்கூடத்தில் மற்றவர் கண்ணில் படாமல், இருட்டான மாடிப்படிகளில் நின்று பாடினார். 1983-ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று ரோலிங் ஸ்டோன் இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு உலகமே மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாடல்களைக் கொண்டாடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இத்தேர்வின் துணிச்சல் புரியும். ஆண்டு இறுதிவரை விற்றவை ஏறத்தாழ 2 இலட்சம். பெரிய நட்சத்திரங்களுக்கு அது ஒரு வாரத்து விற்பனை.

அடுத்த பதிவின்போது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஒருநாள் ஸ்டைப்பின் குரல் எழும்பவே இல்லை. டான் டிக்ஸன் கூடத்தில் கிடந்த பழைய நற்செய்திப் பாடல் இசைத்தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன் அட்டையின் பின்புறம், தட்டைப் புகழ்ந்து யாரோ எழுதியிருந்த அறிமுகக் குறிப்பு அச்சாகியிருந்தது. ஸ்டைப் அக்குறிப்பை அப்படியே, தம் பாட்டின் மெட்டில், வரி விடாமல் பாடித் தீர்த்தார். குரல் திறந்துகொண்டது, பிறகு உரிய பாட்டையும் பாடி முடித்தார். அட்டைக் குறிப்பைப் பாடிய அந்தப் பதிவும் தனியே ஒரு பாடலாகப் பின்னர் வெளிவந்தது.

இனி, என் பார்வையில் இவ்வரலாற்றின் உயிர்நாடியான செய்திக்கு வருகிறேன். பாட்டுத் தொழிலில் வருமானம் எப்படிப் பிரிகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இசைத்தட்டு விற்கும்போதும், வானொலியில் ஒலிக்கும்போதும், மற்றவர் அப்பாட்டை எடுத்துப் பாடும்போதும் அதை இயற்றியவர் என்று பெயர் பதிந்தவருக்கு உரிமைத்தொகை போய்ச் சேரும். உடன் வாசித்தவர்களுக்கு அதில் பங்கில்லை. ஒரே வேனில் ஒரே ரொட்டியைப் பகிர்ந்து தின்ற தோழர்களில் ஒருவர் மாளிகை வாங்க, இன்னொருவர் வாடகை கட்டத் திண்டாடுவார். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இசைத்தட்டுக் கடையில் நின்று பழகிய பக் இதை அறியாதவர் அல்லர். எனவே தொடக்கத்திலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மெட்டு யாருடையதாயினும், சொல் யாருடையதாயினும், எல்லாப் பாடல்களுக்கும் 'பெரி, பக், மில்ஸ், ஸ்டைப்' என்று அகரவரிசையில் நால்வர் பெயரும் வரும்; தொகை நான்கு சமபங்கு. முக்கியமான முடிவுகளுக்கு நால்வரும் ஒப்ப வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது நின்றுவிடும்.

வருமானமே இல்லாத நாளில் சமபங்கு பேசுவது எளிது. 1987-இல் 'டாக்குமென்ட்' என்ற தட்டு 10 இலட்சம் விற்று, அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன் இதழ் அட்டையில் அமெரிக்காவின் தலைசிறந்த ராக் குழு என்று இவர்களை அறிவித்தது. அப்போது பில் பெரி, அந்தப் பெருமை தங்களுக்கல்ல, தம் ஊர்ப் பைலன் குழுவுக்கே உரியது என்று சொன்னாராம். 1988-இல் வார்னர் என்ற பெருநிறுவனத்தில் சேர்ந்தார்கள். இண்டித் தூய்மை போயிற்று என்று குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சமபங்கும் ஒருமித்த முடிவும் அங்கேயும் அவர்களோடு போயின.

1991-இல் வந்த 'அவுட் ஆஃப் டைம்' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தது. அதிலுள்ள புகழ்பெற்ற பாடல் 'லூசிங் மை ரிலிஜன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என் சமயத்தை இழக்கிறேன்' என்றாகும். நம்மவர் சிலர் இத்தலைப்பைக் கேட்டு முகம் சுளித்ததும் உண்டு. உண்மையில் அது அமெரிக்கத் தென்மாநிலத்துப் பேச்சு வழக்கு. பொறுமை எல்லை கடந்து, கட்டுப்பாடு இழந்துபோகும் நிலையைச் சொல்வது. நாம் 'பொறுமையைச் சோதிக்காதே, வாயில் ஏதாவது வந்துவிடும்' என்பதற்கு நெருக்கமானது. பாடலின் பொருளோ கைகூடாக் காதல். கிட்டார் கலைஞரான பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழகிய வேளையில் பிறந்த மெட்டு அது. அதற்குப் படம் பிடித்தவர் பஞ்சாபில் பிறந்த நம் நாட்டவர் தர்சேம் சிங். அப்படத்தில் அம்பு தைத்த புனித செபஸ்தியாரின் கோலத்தைக் காணலாம். நம் நாட்டுத் தெய்வ உருவங்களின் சாயலையும் காணலாம்.

மறு ஆண்டு வந்த இசைத்தட்டின் பெயர் ஏதென்ஸ் நகரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றிலிருந்து எடுத்தது. வீவர் டி என்னும் அக்கடைக்காரர் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் 'ஆட்டோமேட்டிக்' என்பார். 'இதோ தயார்' என்ற பாவனை. கடைப் பலகையிலும் அதையே எழுதி வைத்திருந்தார். அந்தப் பலகை வாசகத்தை அவர் இசைவோடு தட்டுக்குப் பெயராக்கினார்கள்: 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்ற அந்தத் தட்டு ஏதென்ஸ் ஊர்ச் சோற்றுக்கடையின் பெயரையும் உலகமறியச் செய்தது.

அதில் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்றொரு பாடல். துன்பம் எல்லோருக்கும் உண்டு, விட்டுவிடாதே என்று மனமுடைந்தவரிடம் பேசுவது. அதன் பெரும்பகுதியை ஆக்கியவர் டிரம் கலைஞர் பில் பெரி. வேடிக்கை என்னவென்றால், அதில் தாளம் போடுவது மில்ஸ் 20 டாலருக்கு வாங்கிய ஒரு தாளப் பெட்டி! முணுமுணுத்தே பழகிய ஸ்டைப் இப்பாட்டில் மட்டும் ஒவ்வொரு சொல்லும் குழந்தைக்கும் விளங்கும்படி பாடினார். 1995-இல் இங்கிலாந்தில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சமாரித்தன்ஸ் அமைப்பு இப்பாட்டின் வரிகளையும் தன் தொலைபேசி எண்ணையும் மட்டும் அச்சிட்டு விளம்பரம் செய்தது. 2010-இல் ஹெய்ட்டி நாட்டு நிலநடுக்க நிவாரணத்துக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து இதைப் பாடியபோது, குழுவினர் தமக்குரிய உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தனர். பெரி இயற்றிய பாட்டுக்கும் நால்வர் பெயரே, நால்வர் பங்கே. தனி மனிதராகப் பெரி இழந்தது பெருந்தொகையாக இருக்க வேண்டும். அவர் அதைப் பற்றி முணுமுணுத்ததாக எங்கும் படித்த நினைவில்லை.

சோதனை 1995 மார்ச் 1-ஆம் நாள் வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் பெரிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. உடனே அறுவை மருத்துவம் செய்து பிழைக்க வைத்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்திலேயே மில்ஸுக்கு வயிற்றிலும், ஸ்டைப்புக்குக் குடலிறக்கத்துக்கும் அறுவை மருத்துவம் நடந்தது. எப்படியோ பயணத்தை முடித்தார்கள். 1996-இல் வந்த தட்டில், கோவில் வீட்டில் இருந்த நாளிலேயே மனத்தில் போற்றிய அதே பாட்டி ஸ்மித் அவர்களோடு சேர்ந்து பாடினார். வார்னர் நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம். 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பணம் கைக்கு எட்டிய வேளையில்தான் பெரி விலக விரும்பினார். தாம் போவதால் குழு கலைந்துவிடும் என்றால் போகமாட்டேன், இருந்துவிடுகிறேன் என்றார். மற்ற மூவரும் யோசித்தார்கள். நீ போய் வா, நாங்கள் தொடர்கிறோம் என்றார்கள். 1997 அக்டோபரில் அதை அறிவித்தார்கள். பெரி ஏதென்ஸ் அருகே தம் நிலத்துக்குப் போய் உழவரானார். அவர் இடத்தில் வேறொருவரை முழு உறுப்பினராக அவர்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை. மூவராகவே மேலும் 14 ஆண்டுகள் நடந்தார்கள். அந்த ஆண்டுகளின் தட்டுகள் முன்போல் விற்கவில்லை என்பதும் உண்மை. பக் ஸியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். 2011 செப்டம்பர் 21-இல், சண்டையோ வழக்கோ இல்லாமல், போதும் என்று தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

2024 ஜூனில் நியூயார்க் நகரில் பாடலாசிரியர்க்கான பெருமைச் சபையில் நால்வரையும் சேர்த்துக் கௌரவித்தனர். ஒரு பாட்டுக்கு நால்வர் பெயர் என்ற பழைய ஏற்பாட்டின்படி அந்த விருதும் நால்வருக்கே வந்தது. அன்று மேடையேறி, நிலத்திலிருந்து வந்த பெரியும் சேர, மாண்டலின் பாட்டை வாசித்தார்கள். பிரிந்தபின் நால்வரும் ஒன்றாகப் பொதுமேடையில் வாசித்தது அதுவே முதல்முறை.

ஓக்கோனி தெருக் கோவிலை 1990-இல் இடித்துக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். மணிக்கூண்டை மட்டும் இடிக்கவில்லை. செங்கல் தெரிய, தனியாக, குடியிருப்பின் வண்டிகள் நிற்கும் இடத்தை ஒட்டி அது நிற்கிறது. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.